கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டே ஓவிய விமர்சனம் எழுதுவது எப்படி

பர்கூர் ரோட்டில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் லேபில் வேலை பார்க்கிறேன். ஊர்ப் பேச்சில் பல்ப் பேக்டரி. இருபத்தாறு வருடமாகிறது. மே மாதம் பழ லாரிகள் வரத் தொடங்கினால் ஜூலை கடைசி வரை தலை நிமிர நேரமிருக்காது. பெங்களூரா ரகக் கூழ் என்றால் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, 14-க்குக் குறையக் கூடாது, அல்போன்சா என்றால் 16. அதை மீட்டர் சொல்லிவிடும். நிறத்தைக் கண்தான் சொல்ல வேண்டும். வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி கூழைப் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். கரும்புள்ளி எத்தனை, மஞ்சளில் பழுப்பு ஏறியிருக்கிறதா, நேற்றைய பேட்சுக்கும் இன்றையதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பாக எழுதினால் மொத்த லோடும் திரும்பி வரும்.

ஓவியம் பற்றி எழுதும் பழக்கம் எனக்கு அந்தப் பதிவேட்டிலிருந்துதான் வந்தது. முதல் கட்டுரை 2003-இல் ஒரு சிற்றிதழில் வெளியானது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூட இல்லை, தருமபுரியோடு சேர்ந்திருந்தது. 2004 பிப்ரவரியில்தான் பிரித்தார்கள். இத்தனை வருடத்தில் கண்காட்சிகள், சிற்பங்கள், கோயில் சுவர்கள் என்று நூற்றுக்கும் மேல் எழுதிவிட்டேன். கட்டுரையைப் படித்துவிட்டு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தேடி வந்து கேட்பார்கள்: “அக்கா, கேலரின்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லாத ஊர்ல இருந்துகிட்டு எப்படி எழுதறீங்க? நாங்களும் எழுதலாமா?”

எழுதலாம். எப்படி என்பதை ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்: கண்ணால் நெடுநேரம் பார், பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுகிற பொறுப்போடு எழுது. படிப்பும் தத்துவமும் வேண்டும்தான், ஆனால் அவை இதற்குப் பின்னால் வர வேண்டியவை.

வேடியப்பனில் தொடங்குங்கள்

தொடங்குவதற்கு பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டாம். நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். ஏரிக்கரையில், புளியமரத்தடியில், கொல்லை ஓரத்தில் நிற்கின்றன. பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசு அருங்காட்சியகங்களில் வரிசையாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு கல் போதும்.

காலையில் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். புடைப்புச் சிற்பத்தைப் பார்க்கச் சாய்வான வெயில் வேண்டும். உச்சிவெயிலில் போனால் கல் தட்டையாகத் தெரியும், செதுக்கியது பாதி கண்ணில் படாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி போங்கள். காலையில் இருந்த நிழல் மறுபக்கம் விழுந்திருக்கும். காலையில் வீரனின் முகம் தெரிந்த கல்லில் மாலையில் அவன் இடுப்புக் கத்தி தெரியும்.

நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் கண்ணில் பட்டது மட்டும். “வீரன்” என்று எழுதாதீர்கள், “ஆண் உருவம், முழங்கால் உயரத்துக்கு மேல் ஆடை, இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், மார்பில் இரண்டு அம்பு, காலருகில் ஒரு கிண்டி” என்று எழுதுங்கள். கல்லின் உயரம், அகலம் முழத்திலாவது குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தில், செதுக்கியவர் என்னென்ன முடிவெடுத்திருக்கிறார் என்று யோசித்து எழுதுங்கள். தலையைப் பக்கவாட்டிலும் மார்பை நேராகவும் வைத்தது ஏன்? வில் கல்லின் ஓரத்தை முட்டுகிறதே, இடம் போதவில்லையா, அல்லது அந்த நெருக்கம் அவருக்கு வேண்டியிருந்ததா? மூன்றாம் பக்கத்தில் மட்டும்தான் உங்கள் மனதில் பட்டது.

என் முதல் கல் ஊத்தங்கரைப் பக்கம். எண்ணெய் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்க்க வந்த ஒரு பாட்டி பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏன் கண்ணு, அப்பலேர்ந்து வேடியப்பனையே பாத்துக்கிட்டு இருக்கற? வேண்டுதலா?”

“இல்ல பாட்டி, எப்படிச் செதுக்கியிருக்காங்கன்னு பாக்கறேன்.”

“செதுக்கினது எங்க தெரியுது? எண்ணெய் ஊத்தினாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, பக்கத்து மாடத்தில் இருந்த சின்னக் கிண்ணத்தை எடுத்து எண்ணெயைத் தடவிவிட்டார். வெயில் பட்டதும் வரி வரியாகப் பளபளத்தது. அம்பின் இறகுகள்கூடத் தெரிந்தன. வழிபாடு என்று நான் தனியாக ஒதுக்கி வைத்திருந்தது அவருக்குப் பார்க்கும் வழியாகவும் இருந்தது. அன்றிலிருந்து ஒரு படைப்பை எழுதும்போது அதோடு பழகுகிறவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். (நீங்களாக எண்ணெய் ஊற்றாதீர்கள். அது அவர்கள் உரிமை. எழுத்து இருக்கும் கல்லில் சுண்ணாம்போ மாவோ தேய்ப்பதும் கூடாது, கல் கெடும்.)

கல்லில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து இருந்தால் அதைப் படித்தவர்களின் பதிப்பைத் தேடுங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை தருமபுரிக் கல்வெட்டுகளை வெளியிட்டிருக்கிறது. தொறு என்றால் மாட்டு மந்தை, தொறு மீட்டுப் பட்டான் என்றால் மாடு மீட்கும் சண்டையில் இறந்தான் என்பது போன்ற நாலைந்து சொல் தெரிந்தாலே பாதி கல்லுக்கு வழி திறக்கும். ஆனால் கல்வெட்டைப் படித்துவிட்டுக் கல்லைப் பார்க்காதீர்கள். வரிசை மாறினால் கண் சோம்பேறியாகிவிடும்.

கல்லுக்கு அப்புறம் சுவர். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயில் இருக்கிறது. மண்டபத்தின் கூரையில் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் வரைந்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், வலி வந்தால் பார்வை போகும். அதற்கு ஒரு கைக்கண்ணாடி கொண்டுபோங்கள். இடுப்பு உயரத்தில் படுக்கையாகப் பிடித்துக் குனிந்து பார்த்தால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். ஒன்று ஞாபகம் வேண்டும், கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். குறிப்பெழுதும்போது ஒருமுறை தலை நிமிர்ந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். தருமபுரிக் கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைக் குந்தி உட்கார்ந்து பாருங்கள், இராமாயணம் சிறு சிறு சிற்பங்களாக ஓடும். பர்கூருக்குப் பக்கத்தில் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை மேல் ஆட்கள். அந்தக் குதிரையை எத்தனை கோட்டில் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நவீன ஓவியர் ஒருவர் கோட்டை எப்படிச் சிக்கனப்படுத்துகிறார் என்று பிற்பாடு எழுத வரும்போது அந்த எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கும்.

நிறத்துக்குப் பெயர் வேண்டும்

தமிழில் ஓவிய விமர்சனம் படிக்கும்போது எனக்கு வருத்தம் தருவது, நிறங்களைப் பற்றிய இடம் வந்ததும் “அடர் வண்ணங்கள்”, “மென் வண்ணங்கள்” என்று கடந்து போய்விடுவது. வாசகர் படத்தைப் பார்த்ததில்லை. சிவப்பு என்று மட்டும் சொன்னால் அவர் எந்தச் சிவப்பை நினைப்பார்?

நான் இதற்குச் சொற்களை ஜவுளிக்கடையில் கற்றேன். சின்ன வயதில் பெரியம்மாவோடு கிருஷ்ணகிரியில் சேலை எடுக்கப் போவேன். பெரியம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைக்காரரிடம் “அரக்கு வேணாம், செங்கல் நிறத்துல காட்டுங்க, பார்டர் மயில்கழுத்துல இருக்கணும்” என்பார். கடைக்காரரும் குழம்பாமல் எடுத்துப் போடுவார். அரக்கு, செங்கல், காவி, குங்குமம், மாதுளை, வெங்காயச் சருகு, மாந்தளிர், கிளிப்பச்சை, பாசிப்பச்சை, கத்தரிப்பூ, மயில்கழுத்து, பாக்கு, வெந்தயம், சந்தனம், எலுமிச்சை, மாம்பழ மஞ்சள் என்று நம்மிடம் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. மயில்கழுத்து என்ற ஒரு சொல்லில் நீலமும் பச்சையும் மட்டுமா இருக்கிறது? பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும்? உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கலைச்சொற்களும் தேவைதான். புடைப்புச் சிற்பம், கோட்டோவியம், அச்சோவியம், அரூப ஓவியம் (அடையாளம் தெரியும் உருவம் இல்லாதது), நிறுவல் கலை (பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டுவது) என்பவை புழக்கத்தில் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். கேன்வாஸ், அக்ரிலிக் இரண்டையும் ஓவியர்களே அப்படித்தான் சொல்கிறார்கள், மொழிபெயர்க்க வேண்டாம். பொருள் உங்களுக்கே தெளிவாகாத ஒரு சொல்லை மட்டும் எழுதாதீர்கள். “ஆழ்மனப் படிமங்களின் இயங்கியல்” என்று ஒரு வரி என் பழைய கட்டுரையில் இருக்கிறது. எந்த ஓவியத்தைப் பற்றி அதை எழுதினேன் என்று வரியைப் படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அந்த வரியின் குற்றம். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

பஸ் ஏறும் நாள்

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, ஆனால் பெங்களூர் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. காலை ஆறு மணிக்கு ஏறினால் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, நெரிசலைப் பொறுத்து ஒன்பது மணிவாக்கில் சாந்திநகர் போய்விடலாம். தருமபுரிக்காரர்களுக்கு ரயிலும் உண்டு. திங்கட்கிழமை போகாதீர்கள், அரண்மனைச் சாலையில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அன்று விடுமுறை. 2009-இல் மாணிக்கவேலு மாளிகையில் திறந்தது அது. கஸ்தூரிபா சாலையில் 2023-இல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. குமர கிருபா சாலையில் சித்திரகலா பரிஷத் இருக்கிறது. அதே சாலையில் ஆண்டுதோறும் ஜனவரியில் சித்திரச் சந்தை கூடும். நூற்றுக்கணக்கான ஓவியர்கள் தெருவோரத்தில் படங்களை வைத்து விற்பார்கள், விலையையும் ஓவியர்களின் பேச்சையும் ஒரே நாளில் கேட்க அதைப் போல இடமில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு காட்சிக்கு மேல் பார்க்காதீர்கள். நான் ஆரம்பத்தில் பஸ் கட்டணத்தை நினைத்து ஐந்து இடம் ஓடினேன். திரும்பும் பஸ்ஸில் எல்லாப் படமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. இப்போது ஒரு சுற்று வேகமாக நடப்பேன், எழுத மாட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, எந்தப் படம் காலையிலிருந்து மனதில் நிற்கிறதோ அதற்கு எதிரில் அரை மணி நேரம். எது பிடிக்கவில்லையோ அதற்கும் அரை மணி நேரம். பிடிக்காததற்கு நேரம் ஒதுக்கவில்லை என்றால் அதைப் பற்றி எழுத உங்களுக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

படத்தின் பக்கத்தில் இருக்கும் அட்டையை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் எதனால் வரைந்தது, அளவு, யாருடைய சேகரிப்பு. அளவில் பெரும்பாலும் உயரம் முதலில், அகலம் இரண்டாவது வரும். அச்சோவியமாக இருந்தால் அடியில் பென்சிலில் 3/25 என்பது போல இருக்கும். இருபத்தைந்து பிரதிகளில் இது மூன்றாவது என்று அர்த்தம். செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்துப் போட்ட அச்சு என்றால் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்தி நாலு பக்கமும் ஒரு பள்ளம் தெரியும்.

அட்டையை எழுதினால் மட்டும் போதாது, கண்ணாலும் சரிபார்க்க வேண்டும். 2007-இல் ஒரு கட்டுரையில் அக்ரிலிக் ஓவியத்தைத் தைலவண்ணம் என்று எழுதிவிட்டேன். அந்தத் தைலவண்ணத்தின் மெதுவான உலர்தலைப் பற்றி ஒரு முழுப் பத்தியும் எழுதியிருந்தேன். ஓவியர் கடிதம் போட்டார். கோபம் ஒன்றும் இல்லாமல், “அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால்தான் நான் ஒன்றின் மேல் ஒன்றாக அத்தனை அடுக்கு போட முடிந்தது, உங்கள் பத்தி அப்படியே தலைகீழாக இருக்கிறது” என்று விளக்கியிருந்தார். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடச் சொன்னேன். அதற்கப்புறம் பக்கவாட்டில் நின்று மினுமினுப்பைப் பார்ப்பேன், கேன்வாஸின் ஓரத்தில் வழிந்த வண்ணத்தைப் பார்ப்பேன், அப்படியும் சந்தேகம் என்றால் கேட்டுவிடுவேன். ஓவியரையோ அங்கிருக்கும் ஊழியரையோ கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சென்னைக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம், கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சக ஓவியர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். விற்பனைக்குக் கைவினைப் பொருள் செய்து, அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்தைத் தொடர்ந்தார்கள். தென்னாட்டு நவீன ஓவியத்தைப் பற்றி எழுத நினைப்பவர் அந்த இடத்தை ஒருமுறை நடந்து பார்த்தே தீர வேண்டும்.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களை 1963 வாக்கில் அவர் தொடங்கினார். புத்தகங்களில் அவற்றைப் பற்றிப் பெரிய பெரிய விளக்கங்கள் படித்திருந்தேன். நேரில் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் ஜாதக நோட்டு. மஞ்சள் தடவிய ஓரம், கட்டங்கள், கட்டத்துக்குள் சிறு எழுத்து, கணக்கு, நடுவில் ஒரு பிள்ளையார் சுழி. பணிக்கரின் படத்தில் வரிவரியாக எழுத்து ஓடுகிறது. மலையாளம் போல இருக்கும், கணக்கு போல இருக்கும், படிக்கப் போனால் எதுவும் வாசிக்க வராது. எங்கள் பாட்டிக்கும் ஜாதக நோட்டு அப்படித்தான். அவரால் படிக்க முடியாது, ஆனால் அதில் தன் பிள்ளைகளின் வாழ்க்கை எழுதியிருக்கிறது என்று நம்பி நெஞ்சோடு அணைத்து எடுத்து வருவார். படிக்க முடியாத எழுத்துக்கும் ஒரு மரியாதை, ஒரு பயம் உண்டு. அந்தப் படத்தின் முன்னால் நான் உணர்ந்தது அதுதான், அதையே எழுதினேன். இருபது வருடத்தில் எனக்கு அதிகக் கடிதம் வந்தது அந்தக் கட்டுரைக்கு. உங்கள் வீட்டில் இருக்கும் பொருளை, உங்கள் ஊர் வேலையைக் கூச்சப்படாமல் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் விட்டுவிடலாம். பொருந்தினால் அது வேறு யாராலும் எழுத முடியாத கட்டுரை.

என் சித்தப்பா கிரானைட் குவாரியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஒருமுறை ஆஸ்பத்திரி வேலையாக அவரோடு சென்னை போனபோது மெரினாவுக்குக் கூட்டிப் போனேன். உழைப்பாளர் சிலை 1959-இல் வைத்தது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்தவர். பணிக்கர் அவருடைய மாணவர். சிலையில் நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புகிறார்கள். நான் தசைகள், முக்கோண அமைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா மூன்று சுற்று சுற்றி வந்தார். “பாறை இன்னும் அசையலம்மா” என்றார். “அசைஞ்சிருந்தா எல்லாரும் கால மாத்தி வெச்சிருப்பாங்க. இது அசையறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு பிடிப்போம் பாரு, அது.” சிற்பி எந்த நொடியைத் தேர்ந்தெடுத்தார் என்பதை எந்தக் கலை நூலும் எனக்கு அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஒரு படைப்பு யாருடைய வேலையைக் காட்டுகிறதோ, அந்த வேலை தெரிந்தவரோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எழுதும் மேசை

பார்த்த அன்றிரவே குறிப்புகளை விரித்து எழுதிவிடுங்கள், மறுநாள் நிறம் மறந்துவிடும். கட்டுரையை ஒரு வாரம் கழித்து எழுதலாம். முதல் கட்டுரைகளை எண்ணூறு சொல்லுக்குள் வையுங்கள். ஓவியரின் பிறந்த ஊர், பெற்ற விருதுகள் என்று தொடங்க வேண்டாம். ஒரு படத்தில் தொடங்குங்கள், வாசகர் அதைக் கண்முன் நிறுத்தும் வரை வேறு எதற்கும் போகாதீர்கள். அப்புறம் அந்தப் படத்திலிருந்து மற்றப் படங்களுக்கு, அங்கிருந்து ஓவியரின் முந்தைய வேலைக்கு. நல்லது, குறை என்ற தீர்ப்பு வரும் இடத்தில், அதற்கான ஆதாரம் மேலே நீங்கள் விவரித்ததிலேயே இருக்க வேண்டும். இல்லாத ஆதாரத்தைத் தீர்ப்புப் பத்தியில் புதிதாகக் கொண்டுவரக் கூடாது.

எழுதியதை ஓவியம் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நான் லேபில் என்னோடு வேலை செய்யும் தங்கைக்குப் படிப்பேன். “அந்தப் பொம்பளை கை எங்க இருக்கு, மடியிலயா?” என்று கேட்பாள். அந்தக் கேள்வி வந்தால் என் விவரிப்பில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

படத்தின் ஒளிப்படத்தைக் கட்டுரையோடு போட வேண்டுமென்றால் ஓவியரிடம் அல்லது அவர் குடும்பத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. ஆனாலும் கேட்பதுதான் மரியாதை, கேட்டால் நல்ல தரத்தில் படமும் கிடைக்கும். அச்சுக்குப் போகும் முன் எது மேல், எது கீழ் என்று அம்புக்குறி போட்டு அனுப்புங்கள். ஒரு இதழில் என் கட்டுரையோடு ஓர் அரூப ஓவியத்தைத் தலைகீழாக அச்சிட்டார்கள். அந்த ஓவியர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

குறை சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 1877-இல் ஆங்கிலேய விமர்சகர் ஜான் ரஸ்கின், விஸ்லர் என்ற ஓவியரின் படத்தைப் பார்த்துவிட்டு, பொதுமக்கள் முகத்தில் ஒரு பானை வண்ணத்தை வீசிவிட்டு இருநூறு கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணம்) கேட்கிறார் என்று எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டார். மறு வருடம் விஸ்லர் ஜெயித்தார், இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. செலவில் அவர் திவாலானார். ரஸ்கினோ வாழ்நாள் முழுவதும் ஓவியத்தைக் கண்ணூன்றிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். அந்த வரியில் மட்டும் அவர் படத்தைப் பார்க்கவில்லை, விலையையும் ஆளையும் பார்த்தார். நான் குறை எழுதும்போது ஒவ்வொரு வரியும் படத்தைச் சுட்டுகிறதா, ஆளைச் சுட்டுகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். ஆளைச் சுட்டுகிற வரியை எடுத்துவிடுவேன். இளைஞரின் முதல் கண்காட்சி என்றால், குறையை எழுதுவதற்கு முன் அவரிடம் பேசிவிடுவேன். எழுதாமல் விடமாட்டேன். குறையைச் சொல்லாத விமர்சனம் அவருக்கும் பயன்படாது.

எழுத ஆரம்பித்து நாலு வருடத்தில் ஒரு கேலரிக்காரர் கண்காட்சி மலருக்குக் கட்டுரை கேட்டார். நல்ல தொகை. இரண்டு நாள் கழித்து, எந்தெந்தப் படத்தை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியலும் வந்தது. எல்லாம் விலை அதிகமுள்ள படங்கள். பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அந்த மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்திருந்தேன், அதனால் சுலபமாக இருக்கவில்லை. மலர்க் கட்டுரை எழுதுவது தப்பில்லை, ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதிய ஓவியரைப் பற்றி இதழில் விமர்சனம் எழுதக் கூடாது. ஓவியத்தைப் பரிசாகக் கொடுத்தால் விமர்சனம் வெளியாகும் முன் வாங்கக் கூடாது. நான் அப்புறமும் வாங்குவதில்லை. பிடித்த சின்ன அச்சோவியம் என்றால் தவணையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

வயிற்றுப்பாட்டுக்கு

இதில் மட்டும் வாழ முடியுமா என்று கேட்டால், தமிழில் எழுதுகிற எனக்குத் தெரிந்தவர்களில் யாரும் அப்படி வாழவில்லை. சிற்றிதழ்களில் பெரும்பாலும் பிரதிதான் வரும். நாளிதழ் இணைப்புகளில் ஏதோ கொடுப்பார்கள், அது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகும். ஆனால் வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுவது தாழ்வில்லை. அமெரிக்க ஓவிய விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க் தன் புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதத் தொடங்கியபோது நியூயார்க்கில் சுங்கத் துறையில் வேலை பார்த்தார். 1886-இல் நவ இம்ப்ரெஷனிசம் என்று, புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து வரைந்தவர்களின் இயக்கத்துக்கே பெயர் வைத்த ஃபெலிக்ஸ் ஃபெனியோன் பாரிஸில் போர் அமைச்சகத்தில் குமாஸ்தா. சென்னை ஓவியர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிய ஜோசப் ஜேம்ஸ், கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். அமெரிக்க விமர்சகர் ஜெர்ரி சால்ட்ஸ் பல வருடம் நெடுந்தூர லாரி ஓட்டியவர், 2018-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம்முடைய சுங்கச்சாவடியில் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

உங்கள் வேலையின் காலண்டரைப் பார்த்து எழுத்தின் காலண்டரைப் போடுங்கள். எனக்கு மே முதல் ஜூலை வரை படிப்பு மட்டும், அதுவும் படுக்கும் முன் பத்துப் பக்கம். ஆகஸ்டில் இயந்திரம் கழுவும் வேலை. செப்டம்பரிலிருந்து மாதம் ஒரு பயணம், ஒரு கட்டுரை. முதல் மூன்று வருடம் எதுவும் வெளியாகாவிட்டாலும் மாதம் ஒன்று எழுதுங்கள். வெளியானதை வெட்டித் தேதியோடு கோப்பில் வையுங்கள். பார்த்த நோட்டுகளைத் தூக்கிப் போடவே கூடாது. 2009-இல் பார்த்த படத்தை அதே ஓவியர் இப்போது வேறு தேதி போட்டுக் காட்டியபோது என் நோட்டுதான் சாட்சி.

இன்னொரு வேலையும் நம் பக்கத்தில் காத்திருக்கிறது, அதை நகரத்து விமர்சகர் செய்ய மாட்டார். பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் நம் ஊர்களில் கடைப்பலகையும் லாரி உடம்பும் சுவர் விளம்பரமும் எழுதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூத்துக்காரர்களின் கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் கண்ணாடி ஒட்டி வண்ணம் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். காவேரிப்பட்டணத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். லாரியின் பின்பக்கம் மயில் வரைந்தால் கண்ணை மட்டும் கடைசியில், வண்டி புறப்படும் காலையில்தான் வைப்பாராம். போன டிசம்பரில் இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து, எந்த எனாமல், எந்தத் தூரிகை, மயிலின் கழுத்துக்கு எத்தனை பூச்சு என்று பதினெட்டுப் பக்கம் எழுதினேன். இன்னும் தோகையைப் பற்றிக் கேட்கவில்லை. பழ லாரி வருவதற்குள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். உங்களில் யாராவது கூட வருவதென்றால் காலை ஏழு மணிக்கு நோட்டோடு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். அவர் வீட்டில் சன்னல் வெளிச்சம் பத்து மணி வரைதான் நன்றாக இருக்கும்.